மூளைப் படம் காட்டிப் பிள்ளைகளின் படத்தைப் பறிப்போர்

கடந்த மாதம் என் கைத்தொலைபேசிக்கு ஓர் அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. அதன் ஒரு பக்கத்தில் செம்மஞ்சளும் நீலமுமாக ஒளிரும் மனித மூளை. மறுபக்கத்தில் பத்மாசனத்தில் அமர்ந்த ஓர் உருவம். இரண்டுக்கும் நடுவே வர்ணம் சொட்டும் தூரிகை. நரம்பியல் விஞ்ஞானத்தாலும் 'மைன்ட்புல்னஸ்' எனப்படும் விழிப்புத் தியானத்தாலும் நிரூபிக்கப்பட்ட கலைச் சிகிச்சையை ஒரே நாளில் கற்றுத் தருவார்களாம். மாலை நான்கு மணிக்குச் சான்றிதழ். மதிய போசனமும் உண்டு. கட்டணத்தை இங்கே எழுதி வாசகரை மலைக்க வைக்க விரும்பவில்லை. கொழும்புத் துறைமுகத்தை அண்டி நாட்கூலிக்கு மூட்டை சுமப்பவரின் அரைமாத வருமானம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பத்திரிகைக்காரனின் பழைய பழக்கம் விடவில்லை. போய் அமர்ந்தேன். குளிரூட்டப்பட்ட மண்டபம். ஆசிரியர்கள், முன்பள்ளி நடத்துவோர், இரண்டு மூன்று துறவியர், தொண்டு நிறுவன இளைஞர்கள் என நாற்பது பேரளவில் இருந்தார்கள். விரிவுரையாளர் திரையில் மூளையைக் காட்டினார். சிவப்பாகத் தெரிவது பயம் என்றார். பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனித்து, பின்னர் மனதில் எழுவதை வரைந்தால் சிவப்பு நீலமாகிவிடும் என்றார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். பின்னேரம் செயல்முறைப் பயிற்சி வந்தது. "அதிர்ச்சிக்குள்ளான பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். அந்த நாளை நினைக்கச் சொல்லுங்கள். பிறகு வரையச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்." அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். வெளியே வந்ததை யார் ஏந்திக்கொள்வது என்று அவரும் சொல்லவில்லை. நாற்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. எழுந்து கேட்டிருக்க வேண்டிய நானும் கேட்கவில்லை. ஆகவேதான் இப்போது எழுதுகிறேன்.

'அந்த நாள்' என்ற சொல் கொச்சிக்கடையில் வாழ்கின்ற எவருக்கும் பொதுச் சொல் அன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, காலை 8.45 அளவில் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் உயிரிழந்தோர் 260இற்கும் மேல். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். செவ்வாய்க்கிழமைதோறும் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களுங்கூட வந்து மெழுகுதிரி ஏற்றிச் செல்லும் திருத்தலம் அது. அதே ஆண்டு யூன் மாதம் திருத்தலம் மீண்டும் திறக்கப்பட்டது. சுவரைப் பூசி வர்ணம் அடிக்க ஏழு வாரங்கள் போதுமாயிருந்தன. சுவருக்குள் நின்ற பிள்ளைகளின் கதை வேறு.

வெடிப்பு நிகழ்ந்து சில கிழமைகள் சென்ற பின் நான் கண்ட காட்சி ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு சிறு மண்டபத்தில் இருபது பிள்ளைகளை அமர்த்தியிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு குழு வெள்ளைக் கடதாசியும் புத்தம்புதிய பஸ்ரல் பெட்டிகளும் பகிர்ந்தது. குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைத் தவிர்த்துவிட்டால் இதே வேலையைச் செய்த பலரும் தம்மை இதில் அடையாளம் காண்பார்கள். சிறுவர்களிடம், "அன்றைக்கு என்ன பார்த்தீர்கள்? கீறுங்கள்" என்றார்கள். ஒன்பது பத்து வயதிருக்கும் ஒரு சிறுமி முதலில் ஒரு வாங்கைக் கீறினாள். வாங்கின் மேல் ஒரு கைப்பையைக் கீறினாள். பின்னர் கறுப்புப் பஸ்ரலை எடுத்து அந்தக் கைப்பை மறையும்வரை தேய்த்தாள். கடதாசி கிழிந்தது. அருகில் நின்ற இளைஞர் குனிந்து அந்தப் படத்தை ஒளிப்படம் எடுத்தார். "நன்று, நன்று" என்று தட்டிக்கொடுத்தார். மாலை ஐந்து மணிக்குக் குழு வாகனத்தில் ஏறிப் போயிற்று. படங்களும் அவர்களுடனேயே போயின.

சில மாதங்களின் பின் அந்தச் சிறுமியின் தாயை ஒரு செவ்வாய்க்கிழமை திருத்தல வாசலில் சந்தித்தேன். என்னை அந்தக் குழுவோடு வந்தவன் என நினைத்துவிட்டார் போலும். "அங்கிள், மகள் கீறின படம் எங்க? திருப்பித் தருவாங்களா? அவ ஒவ்வொரு நாளும் கேக்கிறா" என்றார். அவள் கறுப்பால் மறைத்த கைப்பை இறந்துபோன ஒருவருடையது என்பதை அப்போதுதான் அறிந்தேன். அந்தப் படத்தில் அவள் ஒருவரைப் புதைத்திருந்தாள். புதைத்த இடத்தையும் சேர்த்து எவரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்த இடங்களிலெல்லாம் விசாரித்துப் பார்த்தேன். படம் கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் என் தொழிலையும் கூண்டில் ஏற்றாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் பத்திரிகைகளில் நாமும் அகதி முகாம்களிலிருந்து சிறுவர் சித்திரங்களைத் தருவித்தோம். கரிய அலையும் மிதக்கும் உடல்களுமாகப் பக்கங்களை நிரப்பினோம். 'பிஞ்சு மனங்களின் குமுறல்' என்பது போலத் தலைப்பும் இட்டோம். எந்தப் பிள்ளைக்கும் படம் திருப்பி அனுப்பப்பட்டதாக என் நினைவில் இல்லை. எந்தத் தாயிடமும் அனுமதி கேட்டதாகவும் நினைவில்லை. எனவே இக்கட்டுரை சுத்தமான கையால் எழுதப்படுவதன்று.

கலைச் சிகிச்சைக்கு நான் எதிரி அல்லன். நரம்பியலுக்கும் எதிரி அல்லன். தியானத்தைப் பழிக்கும் துணிவு, இந்தத் தீவில் பிறந்த எனக்கு எங்கிருந்து வரும்? ஆயினும் இம்மூன்றையும் ஒன்றாகக் கட்டி ஒருநாள் சரக்காக விற்கும் வணிகம், அம்மூன்றும் உண்மையில் என்ன சொல்கின்றனவோ அதற்கு நேர் எதிரானதைச் செய்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மூளை. அதிர்ச்சியுற்றோருக்குச் சொல் வராது, ஆகவே சித்திரம் வேண்டும் என்ற வாதத்துக்கு அடிப்படையாக அடிக்கடி காட்டப்படும் ஆய்வு 1996இல் அமெரிக்காவில் ரவுச், வான் டெர் கொல்க் முதலானோர் வெளியிட்டது. தமக்கு நேர்ந்த கொடுமையை ஒலிப்பதிவில் கேட்டவர்களின் மூளை இரத்தோட்டத்தைப் படமெடுத்தார்கள். அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி கிளர்ந்தது. காட்சிக்குரிய பகுதியும் கிளர்ந்தது. பேச்சுக்குரிய புரோக்கா பகுதி தணிந்தது. அருமையான அவதானம்தான். ஆனால் ஆய்வுக்குட்பட்டோர் எட்டே எட்டுப் பேர். அதில் எவரும் சித்திரம் வரையவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பாதுகாப்பான ஆய்வுக்கூடத்தில், நடந்ததை வெறுமனே கேட்டதே அச்சப் பகுதியைக் கிளர்த்தப் போதுமாயிருந்தது என்பதுதான் அந்த ஆய்வின் செய்தி. அப்படியானால், ஒரு பிள்ளையிடம் "அந்த நாளைக் கீறு" என்று சொல்வது சிறிய காரியமா? மண்டபத்தில் காட்டப்பட்ட படம், மண்டபத்தில் கற்பிக்கப்பட்ட முறைக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது!

அடுத்தது 2016ஆம் ஆண்டின் ஆய்வு. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமாலும் சகாக்களும் 39 வளர்ந்தோரை 45 நிமிடம் விரும்பியபடி வரையவும் களிமண்ணில் செய்யவும் விட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற சுரப்பை அளந்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்தது. சித்திரம் பயின்றவர், பயிலாதவர் என்ற வேறுபாடு இருக்கவில்லை. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் அவர்கள் நலமாயிருந்த வளர்ந்தோர். விரும்பியதைச் செய்தார்கள், அருகில் பயிற்சி பெற்ற கலைச் சிகிச்சையாளர் ஒருவர் இருந்தார். ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இருக்கவில்லை. குண்டுவெடிப்பில் உறவைப் பறிகொடுத்த பத்து வயதுப் பிள்ளைக்கு இதை அப்படியே தூக்கி வந்து பொருத்துவதற்கு விஞ்ஞானம் என்று பெயரில்லை.

மூன்றாவது, எட்டு வாரத் தியானத்தில் மூளையின் சாம்பல்நிறப் பொருள் வளர்கிறது என்ற புகழ்பெற்ற செய்தி. 2011இல் வந்த அந்த ஆய்வில் பயிற்சி பெற்றோர் 16 பேர். உலகப் பத்திரிகைகளெல்லாம் தலைப்பிட்டன. 2022இல் இதே கேள்வியை 218 பேருடன், மிகக் கவனமான முறையில் மீண்டும் ஆராய்ந்தார்கள். மூளையின் அமைப்பில் அத்தகைய மாற்றம் எதனையும் காணவில்லை. இதற்கு எந்தப் பத்திரிகை முன்பக்கம் கொடுத்தது? அழைப்பிதழ்களில் இன்றும் ஒளிர்வது 2011தான்.

மூளைப் படத்துக்கு ஏன் இவ்வளவு வசீகரம்? 2008இல் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார்கள். பிழையான விளக்கங்களைச் சிலருக்குக் கொடுத்தார்கள். அதே பிழையான விளக்கங்களுக்குள், பொருத்தமற்ற நரம்பியல் வாக்கியம் ஒன்றைச் செருகி வேறு சிலருக்குக் கொடுத்தார்கள். துறை அறியாத வாசகருக்கு இரண்டாவது கூடுதல் திருப்தி தந்தது. முன்னர் எம்மூரில் பொய் மருந்து விற்றவன் எலும்புக்கூட்டுப் படத்தைச் சந்தைத் திடலில் தொங்கவிட்டான். இப்போது அதன் இடத்தில் மூளை தொங்குகிறது.

இனித் தியானத்துக்கு வருவோம். வெளிநாட்டுச் சரக்கு போல இறக்குமதியாகும் இந்த 'மைன்ட்புல்னஸ்' என்ற சொல்லின் பிறப்பில் இலங்கைக்கும் பங்குண்டு. இங்கே பிரித்தானிய சிவில் சேவை உத்தியோகத்தராக இருந்து பின்னர் பாளி அறிஞராகிய ரைஸ் டேவிட்ஸ், 'சதி' என்ற பாளிச் சொல்லுக்கு இட்ட ஆங்கிலப் பெயர் அது. 1936இல் ஜெர்மனியிலிருந்து இங்கு வந்து துறவியாகி, கண்டி உடவத்தைக் காட்டுக் குடிலில் வாழ்ந்த ஞானபொனிக்க தேரர் 1954இல் கொழும்பில் வெளியிட்ட பௌத்த தியான நூல், மேற்கில் இந்தப் பயிற்சி பரவ வழிவகுத்தவற்றுள் ஒன்று. பின்னர் 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தில் ஜோன் கபாட்சின் அதைத் தீரா நோவுடையோருக்கான எட்டு வாரப் பயிற்சியாக வகுத்தார். நாள்தோறும் முக்கால் மணி நேரம் வீட்டிலும் பயில வேண்டும் என்று வைத்தார். பத்து நிமிடம் என்று அவர் சொல்லவில்லை.

தமிழில் பௌத்தம் எழுதியோர் எண்வகை வழியில் வரும் 'சம்மா சதி'யை 'நற்கடைப்பிடி' என்று பெயர்த்தார்கள். எவ்வளவு அழகிய சொல்! கடைப்பிடித்தல் என்றால் கைவிடாது பற்றியிருத்தல். இடையில் விடுவதற்குக் கடைப்பிடி என்று பெயரில்லை. மாலை ஐந்து மணிக்கு வாகனம் ஏறும் கடைப்பிடி எந்தப் பிடகத்தில் இருக்கிறது?

கண்ணை மூடுவது எல்லோருக்கும் ஓய்வு தராது. கொடுமையைக் கண்டவர் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தக் காட்சிதான். தியானம் கற்பிப்போருள் பொறுப்புள்ளவர்களே இதை எழுதி எச்சரித்து வருகிறார்கள். கண் திறந்திருக்கட்டும், பாதம் நிலத்தில் படட்டும், வேண்டாமென்றால் எழுந்து போகட்டும் என்கிறார்கள். நலமாயிருக்கும் பிள்ளைகளிடமும் அற்புதம் நிகழ்வதில்லை. பிரித்தானியாவில் எண்பதுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் 8000இற்கு மேற்பட்ட மாணவரிடம் நடத்தி 2022இல் வெளியான பெரும் ஆய்வில், வகுப்பறைத் தியானப் பாடம் வழமையான கற்பித்தலைவிட மேலதிக நன்மை எதனையும் தரவில்லை.

"பிரித்தானியாவை விடுங்கள், எங்கள் பிள்ளைகளிடம் யார் ஆராய்ந்தார்கள்?" என்று வாசகர் கேட்கலாம். ஆராய்ந்திருக்கிறார்கள். அதை அறியாதிருப்பது எம் குறை. வடக்கில் 12 பாடசாலைகளில் போரால் பாதிக்கப்பட்ட 399 தமிழ்ச் சிறுவரிடம் நடத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 2012இல் வெளிவந்தன. சித்திரம், நாடகம், இசை முதலான ஆக்க வெளிப்பாடுகளையும் சிந்தனைப் பயிற்சிகளையும் கலந்து ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள். சில நன்மைகள் தெரிந்தன. குறிப்பாக முரட்டு நடத்தை குறைந்தது. ஆனால் அதிர்ச்சிக்குப் பிந்திய உளநோயின் அறிகுறிகளில் மொத்தத்தில் பயன் காணப்படவில்லை. சிறுமியரைப் பொறுத்தவரை, பயிற்சியில் சேராது காத்திருந்த சிறுமியர் தேறிய அளவுக்குப் பயிற்சி பெற்ற சிறுமியர் தேறவில்லை! ஆய்வாளர் இதை மறைக்காமல் எழுதினார்கள். பதினைந்து அமர்வுகளும், பயிற்றப்பட்ட ஆட்களும், அளந்து பார்க்கும் நேர்மையும் இருந்த இடத்திலேயே இப்படியென்றால், ஒரே பின்னேரத்தில் பஸ்ரல் பகிர்ந்து போவோரின் விளைவை அளந்தவர் யார்?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆழிப்பேரலை அடித்த சில வாரங்களில், வடகிழக்கில் ஒரு முகாமில் 8 முதல் 14 வயது வரையான 31 சிறுவருக்கு இரு வழிகளில் உதவினார்கள். ஒரு பகுதியினர் தம் வாழ்க்கைக் கதையை முறையாகச் சொல்லிக் கோத்தார்கள். மறு பகுதியினர் மூச்சுத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னோரில் 81 வீதமும் தியானம் செய்தோரில் 71 வீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். 2008இல் வெளியான ஆய்வு இது. எண்ணிக்கை சிறிது. உதவி பெறாத பிள்ளைகளோடு ஒப்பிடாததால், காலமே ஆற்றியதன் பங்கு எவ்வளவு என்பதும் தெரியாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அமர்வுகளை நடத்தியவர்கள் முன்னரே முறையாகப் பயிற்றப்பட்ட உள்ளூர்த் தமிழ் ஆசிரியர்கள். பிள்ளையின் மொழியில் பேசினார்கள். பிள்ளை மறுநாளும் காணக்கூடிய இடத்தில் வாழ்ந்தார்கள். ஆறு மாதம் கழித்து என்னவாயிற்று என்று திரும்பிச் சென்று கேட்டார்கள். தியானம் அங்கே உதவியிருக்கிறது. ஒட்டிக்கொண்டு நிற்க ஒரு மனிதர் இருந்தபடியால் உதவியிருக்கிறது.

கலையைப் பற்றியும் இந்த மண்ணில் சான்று உண்டு. 1996இல், போர் உக்கிரமாயிருந்த காலத்தில், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடியக் கலைஞர் போல் ஹோகனும், யேசு சபைக் குருவும் உளவளத்துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் அதன் முன்னோடிகளில் முக்கியமானோர். கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பேருந்தில் ஒன்றாக வந்தார்கள். மண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை புனைந்தார்கள், நாடகம் ஆடினார்கள், செடிகளுடனும் விலங்குகளுடனும் பொழுது போக்கினார்கள். அவர்களோடு இருந்தோர் போரை அறிந்த உள்ளூர் இளைஞர் யுவதிகள். 'அந்த நாளைக் கீறு' என்று எவரும் பிள்ளையை நெருக்கவில்லை. கீற வேண்டிய நாள் வந்தபோது பிள்ளை தானாகக் கீறிற்று. மாதக்கணக்கில் வரலாம் என்று தெரிந்த இடத்தில்தான் பிள்ளைக்கு அவசரமில்லாமல் இருக்க முடியும்.

யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல்லாண்டு செய்ததும் இதுவே. போர் மனங்களில் இட்ட வடுவை 1998இலும், முழுச் சமூகங்களிலும் இட்ட வடுவை 2014இலும் நூல்களாக எழுதியவர். சைவருக்குப் பிரணவமும் கத்தோலிக்கருக்குச் செபமாலையும் பௌத்தருக்கு ஆனாபானசதியும் முஸ்லிம்களுக்குத் திக்ரும் என, அவரவர் மரபிலேயே மனத்தை அமைதிப்படுத்தும் வழி இருக்கிறது என்று காட்டினார். குழந்தை ம. சண்முகலிங்கம் 'அன்னையிட்ட தீ' என்ற நாடகத்தில் போரின் உளத்தாக்கத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். ஊரார் கூடியிருந்து பார்த்தார்கள். மூளைப் படம் ஒன்றும் அங்கே தொங்கவில்லை. இந்த மரபை வைத்துக்கொண்டு, சான்றிதழுக்காக நாம் குளிரூட்டிய மண்டபத்தில் வரிசையில் நிற்கிறோம்.

'கலைச் சிகிச்சை' என்ற ஆங்கிலப் பெயரை 1942இல் வழங்கியவர் எனக் கருதப்படும் ஏட்ரியன் ஹில், தானே காசநோயுற்று மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது வரைந்து ஆறுதல் கண்ட ஓவியர். அதே ஆண்டு டிசம்பரில், நாசிகள் யூதரை அடைத்துவைத்த தெரெசின் முகாமுக்கு ஃபிரீடில் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை அனுப்பப்பட்டார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தார். ஒவ்வொரு படத்திலும் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். இலக்கமாக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அவர் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். 1944 ஒக்டோபரில் அவுஷ்விட்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்படுமுன், ஏறத்தாழ 4500 படங்கள் இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டன. அப்பிள்ளைகளிற் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பெயரோடு கூடிய படங்கள் பிழைத்தன. அவரிடம் பயின்ற எடித் கிராமர் பின்னர் அமெரிக்காவில் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரானார். இத்தொழிலின் குலமரபு இது. கொச்சிக்கடைச் சிறுமியின் பெயரில்லாத படம் எவருடைய கைத்தொலைபேசியிலோ கிடக்கிறது என்பதை இந்த மரபின் முன்னால் வைத்துப் பார்க்கட்டும்.

"ஒன்றுமே இல்லாததற்கு இதாவது மேல் அல்லவா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல மனத்தோடு கேட்கப்படும் கேள்விதான். விளையாடுவதற்குப் பஸ்ரலும் கடதாசியும் கொடுத்து, "விரும்பியதைக் கீறு" என்று சொல்லிப் பக்கத்தில் அமர்ந்திருப்பதானால், ஆம், மேல். அதற்குச் சான்றிதழும் வேண்டாம், மூளைப் படமும் வேண்டாம். ஆனால் காயத்தைத் திறப்பது வேறு. சத்திரசிகிச்சைக் கூடத்தில் வயிற்றைத் திறந்துவிட்டுத் தைக்காமல் போகும் வைத்தியரைப் பார்த்து, ஒன்றும் செய்யாததற்கு இது மேல் என்று எவரும் சொல்வதில்லை.

அரசும் தப்ப முடியாது. தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக நட்டஈடு செலுத்துமாறு 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மட்டும் 10 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்றது. முன்னர் இழைத்த அசட்டைக்கு விலை குறித்தாயிற்று. பின்னர் தொடரும் அசட்டைக்கு எந்த நீதிமன்றம்? கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் கொச்சிக்கடையிலும் வீட்டில் தமிழ் பேசும் ஒரு பிள்ளைக்கு, தமிழிலேயே பேசி, மாதக்கணக்கில் பின்தொடரும் ஓர் உளவளத்துணையாளரைத் தேடி அலைந்த பெற்றோரை நான் அறிவேன். அந்த வெற்றிடத்தில்தான் அழைப்பிதழ்கள் முளைக்கின்றன.

ஆகவே நான் கேட்பவை சில. அடுத்த கிழமையும் அடுத்த மாதமும் வர முடியாத எவரும் ஒரு பிள்ளையிடம் அதன் கொடுநாளை வரையக் கேட்கக்கூடாது. வரைந்த படம் பிள்ளைக்குரியது. பிள்ளையும் பெற்றோரும் சம்மதியாமல் ஒளிப்படம் எடுப்பதும் காட்சிக்கு வைப்பதும் களவு. பத்திரிகைகளுக்கும் இது பொருந்தும். ஒருநாள் வகுப்பில் இருந்தவர் தம்மைச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. பிரித்தானியாவில் 'கலைச் சிகிச்சையாளர்' என்ற பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. பட்டமேற்படிப்பும் பதிவும் இல்லாமல் எவரும் அதைச் சூட்டிக்கொள்ள முடியாது. இங்கே அன்றைய மண்டபத்தில் நின்றவரிடம் எங்கே படித்தீர், எங்கே பதிந்தீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. இறுதியாக, கொழும்பு வடக்கின் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு, பயிற்றப்பட்ட தமிழ் பேசும் துணையாளரை நிரந்தரமாக நியமிக்க வேண்டும். ஒருவர் ஒரு பாடசாலையில் ஐந்தாண்டு இருந்தால், ஐந்நூறு பட்டறைகள் செய்யாததைச் செய்வார்.

நரம்பியலோ தியானமோ கலையோ, எதைக் கொண்டு வந்தாலும் வரவேற்போம். மூளையின் படங்களைக் காட்ட வேண்டிய தேவையும் இல்லை. அழைப்பிதழோடு வருகின்றவர்களிடம் எங்கள் பகுதிப் பெற்றோர் ஒரேயொரு கேள்வியைக் கேட்டால் போதும். எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை என்ன நாள் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்க வேண்டியது இதுதான்:

"அடுத்த செவ்வாயும் வருவீர்களா?"